பி.ஆர். ஏஜென்சியா, மார்க்கெட்டிங் பிரிவா?

பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சியில் இன்டர்ன்ஷிப் என்றால் ஒரே வாரத்தில் மருத்துவமனை, மென்பொருள், காலணி என்று பல வாடிக்கையாளர்கள். காலையில் அவர்களைப் பற்றி வந்த செய்திகளைத் தொகுக்க வேண்டும், நிருபர்கள் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும், அப்புறம் பத்திரிகைக் குறிப்பு எழுத வேண்டும். முக்கியச் செய்தியை முதல் பத்தியிலேயே சொல்லும் பழக்கம் இங்கேதான் கைவரும். எழுத்தில் ஆசையுள்ள மாணவருக்கு அருமையான பயிற்சி இது. ஆனால் வெளியிடுவதா வேண்டாமா என்பது பத்திரிகையின் முடிவு. உழைத்து எழுதியது ஒரு வரிகூட வராமல் போகலாம்; அது மனதை வாட்டும்.

நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் பெரும்பாலும் ஒரே பிராண்டுதான். விளம்பர இடத்தைக் காசு கொடுத்து வாங்குவதால் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பது நம் கையில். ஒரே மின்னஞ்சலை இரண்டு தலைப்புகளில் அனுப்பி, எதை அதிகம் பேர் திறந்தார்கள் என்று அன்றே பார்க்கலாம். எண்கள் பிடித்தவருக்கு இது சரி. முதல் இன்டர்ன்ஷிப்புக்கு நான் ஏஜென்சியைத்தான் சொல்வேன்.