பழைய கார் ஸ்டீரியோவில் இரைச்சல்: ஐசொலேட்டரா, ஃபில்டரா, எர்த்தா?

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரிலும் ஒரு கீச்சுச் சத்தம் கூடவே ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ, அம்பாசடர் என்று பின்னாளில் வெளியே ஸ்டீரியோ வாங்கி மாட்டிய எந்த வண்டியிலும் வரக்கூடிய தொல்லை இது. ஆக்சஸரீஸ் கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும்: “கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டுக்கோங்க”, “பவர் லைன்ல ஃபில்டர் போட்டா போயிடும்”, “செட்டு பழசாயிடுச்சு சார், மாத்திடுங்க”. எர்த்தை, அதாவது வண்டியின் இரும்புப் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பை, சரிபார்க்கும் நான்காவது வழியைச் சொல்பவர்கள் குறைவு. அதில் விற்பதற்குப் பொருள் எதுவும் இல்லை, உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும்தான் இருக்கிறது. பழைய வண்டியைப் பொறுத்தவரை அந்த நான்காவது வழிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் மற்ற மூன்றுக்கும் உரிய இடம் உண்டு.

எதையும் வாங்குவதற்கு முன் சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் செட்டை மட்டும் போடுங்கள். அப்போது அமைதியாக இருந்து, ஸ்டார்ட் செய்ததும் சத்தம் வந்தால், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் அல்லது பிளக்குக்கு ஸ்பார்க் தரும் இக்னிஷன் பக்கம்தான் மூலம். அடுத்து வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தமும் சேர்ந்து குறைந்தால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னால், அதாவது ஆன்டெனா, அல்லது போனைச் செட்டோடு இணைக்கும் ஆக்ஸ் கேபிள் வழியாக நுழைகிறது. வால்யூம் சுழியத்திலும் கீச்சு அதே அளவில் கேட்டால், செட்டுக்கும் தனியாகப் போட்ட ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) இடையிலோ, எர்த்திலோ, பவர் வயரிலோதான் கோளாறு. ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை, தேவையில்லாத செலவில் பாதியைத் தடுத்துவிடும்.

அந்தக் கீச்சு ஏன் காதில் அப்படி உறைக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பரவலாக உள்ள 12 துருவ, மூன்று ஃபேஸ் ஆல்டர்நேட்டரில் டையோடுகள் திருத்தித் தரும் மின்சாரம் ஒரு சுற்றுக்கு 36 முறை ஏறி இறங்கும். எஞ்சின் 900 ஆர்.பி.எம்.மில் ஓட, புல்லி விகிதம் 2 (எஞ்சினின் ஒரு சுற்றுக்கு ஆல்டர்நேட்டர் இரண்டு சுற்று) என்று வைத்தால், ஆல்டர்நேட்டர் நொடிக்கு 30 சுற்று சுற்றும். அப்போது வரும் அதிர்வெண் 1,080 ஹெர்ட்ஸ். எஞ்சின் 3,000 ஆர்.பி.எம். போகும்போது அதுவே 3,600 ஹெர்ட்ஸ். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் எல்லையிலேயே வந்து விழுகிறது. அதனால்தான் மில்லிவோல்ட் கணக்கில் கசிந்தாலும் பாட்டைக் கெடுக்கிறது.

எல்லா ஆல்டர்நேட்டரிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. அது பாட்டோடு கலக்க ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதை பெரும்பாலும் எர்த்தில்தான் கிடைக்கிறது. டிக்கியில் இருக்கும் ஆம்புக்கு ஓர் இடத்தில் எர்த், டாஷ்போர்டில் உள்ள செட்டுக்கு இன்னோர் இடத்தில் எர்த். ஆம்ப் 15 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் அதன் எர்த் இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும் இரண்டு எர்த்துக்கும் இடையில் 0.3 வோல்ட் வித்தியாசம் நிற்கும். இரண்டையும் இணைத்துக்கொண்டிருப்பது, செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளி உறை. அந்த வித்தியாசத்தால் மின்சாரம் உறை வழியாக ஓடுகிறது; இந்தச் சுற்றுப் பாதைதான் கிரவுண்ட் லூப். ஆர்.சி.ஏ.வில் வரும் பாட்டு சிக்னலே பல செட்டுகளில் அதிகபட்சம் 2 வோல்ட்தான். மெதுவான இடங்களில் அதில் சிறு பங்கு. அந்த உறை வழியாக ஆல்டர்நேட்டரும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுகிறது.

இங்கேதான் ஐசொலேட்டரும் எர்த் வேலையும் மோதுகின்றன. ஐசொலேட்டர் என்பது சேனலுக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே வரும் உறைக்கும் வெளியே போகும் உறைக்கும் தொடர்பை அறுத்துவிடும். லூப் உடையும், சத்தம் நிற்கும். சில நூறு ரூபாய்தான் விலை, மாட்டவும் நேரமாகாது. பலருக்கு அதுவே போதும் என்று தோன்றும். ஆனால் மலிவான ஐசொலேட்டரின் இரும்பு உள்ளகம் மிகச் சிறியது. தாழ்ந்த அதிர்வெண்ணில், சிக்னல் பலமாக வரும்போது, அது காந்தத்தால் நிறைந்துபோய்விடும். தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிடாரும் மெலிந்து போகும், சில நேரம் பிசிறும். ஆசையாக ஆம்பும் சப்வூஃபரும் போட்டுவிட்டு நடுவில் இதைச் செருகுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். அதைவிட முக்கியம், மோசமான எர்த் அப்படியேதான் இருக்கும். அதே துரு நாளைக்கு ஹெட்லைட்டை மங்கவைக்கும், ஸ்டார்ட்டரை இழுக்கவைக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எர்த் வேலைக்கு ஒரு மல்டிமீட்டர், ஓர் உப்புத்தாள், நல்ல ரிங் லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்), பல்வைத்த வாஷர் போதும். முதலில் அளவெடுக்க வேண்டும்: எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே டி.சி. வோல்ட் பாருங்கள். 0.1-க்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும். அதேபோல பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும், மைனஸுக்கும் ஆம்ப் எர்த் முனைக்கும். பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, எர்த் இடத்தில் பெயின்டைப் பளபளக்கும் தகடு தெரியும்வரை சுரண்டி, லக்கை இறுக்கி, மேலே வாஸ்லினோ கிரீஸோ தடவ வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் அடிப்பது பலரும் செய்வது. அது உயிர்காக்கும் போல்ட், அதைத் தொடவே கூடாது. ஆம்பின் எர்த் வயர் பிளஸ் வயர் அளவுக்குத் தடிமனாகவும், அரை மீட்டருக்கு மேல் போகாமலும் இருக்கட்டும். செட்டின் கறுப்பு வயரை சிகரெட் லைட்டர் எர்த்தோடு முறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார்கள். அதற்கும் பாடியில் தனி இடம் கொடுங்கள். ஒரு மத்தியானம் போகும் வேலை, செலவு ஐசொலேட்டரைவிடக் குறைவு, பாட்டில் எதுவும் குறைவதில்லை.

ஐசொலேட்டர் ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. போனை லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு ஆக்ஸ் கேபிளில் பாட்டுக் கேட்கும்போது மட்டும் சத்தம், சார்ஜரைப் பிடுங்கினால் அமைதி என்றால், லூப் போன் வழியாகத்தான் சுற்றுகிறது. அங்கே ஆக்ஸ் கேபிளில் ஐசொலேட்டர் போடுவதே நேரான தீர்வு. புளூடூத் இருந்தால் அதுவும் வேண்டாம். எஞ்சின் நின்றிருக்கும்போதும் எஃப்.எம்.மில் இரைந்து, சார்ஜரைப் பிடுங்கியதும் தெளிந்தால் குற்றவாளி மலிவான யூ.எஸ்.பி. சார்ஜர், அதை மாற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

பவர் லைன் ஃபில்டரைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் கிடையாது. ஒரு காயிலும் ஒரு கண்டன்சரும் கொண்ட டப்பா அது. செட்டுக்குப் போகும் பவரில் ஏறி இறங்கும் அலையை மட்டுப்படுத்தும். சத்தம் எர்த் வழியாக வரும்போது, பிளஸ் வயரில் இதை மாட்டி என்ன பயன்? செட்டின் சொந்த ஆம்பே நேரடியாக ஸ்பீக்கரை ஓட்டும் எளிமையான அமைப்பில், செட்டே பழசாகி அதன் உள் கண்டன்சர்கள் உலர்ந்திருந்தால் கைகொடுக்கும். டிக்கி ஆம்புக்குப் போடவே போடாதீர்கள். 10 ஆம்பியர் தாங்கும் காயில் 40 ஆம்பியரில் சூடேறும், ஆம்புக்குப் போகும் வோல்ட்டையும் குறைக்கும்.

ஃபில்டர் போட்டால்தான் சத்தம் குறைகிறது என்ற நிலை வந்தால், முதலில் ஆல்டர்நேட்டரைச் சந்தேகியுங்கள். ஆறு டையோடில் ஒன்று போனாலும் பேட்டரி ஓரளவு சார்ஜ் ஆகிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அலை பெருகிவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் டி.சி. 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும்; ஏ.சி. அளவு 0.1 வோல்ட்டுக்குள். 0.5-ஐ நெருங்கினால் டையோடு செட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். இதற்கு அந்த மஞ்சள் நிற மலிவு மீட்டரை நம்பாதீர்கள். அதன் ஏ.சி. அளவுகோல் டி.சி.யையும் சேர்த்து எண்ணிக்கொண்டு இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டிப் பயமுறுத்தும். இன்னொன்று: எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்நேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கம் சில ஷெட்டுகளில் இன்னும் இருக்கிறது. அந்த நொடியில் பாயும் உயர் வோல்ட் ஸ்டீரியோவையே எரித்துவிடும். யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

கீச்சு இல்லாமல் டிக் டிக் என்று கேட்டால் கதையே வேறு. மூன்று சிலிண்டர் மாருதி 800 ஐட்லிங்கில் 800 ஆர்.பி.எம். ஓடினால் நொடிக்கு 20 ஸ்பார்க். அந்த வேகத்தில் தட்டுகிறது, ரேடியோவில் மட்டும் கேட்கிறது என்றால் ஆன்டெனா பிளக்கைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் அது காற்று வழியாக ஆன்டெனாவில் ஏறுகிறது. பிளக் வயர் கார்பன் உள்ளகம் கொண்டதா, பிளக்கின் எண்ணில் ‘ஆர்’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், என்.ஜி.கே. பிளக்கில் அந்த எழுத்து உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைக் குறிக்கும். வெறும் செம்பு வயரும் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் சேர்ந்தால் கார் ஒரு டிரான்ஸ்மிட்டர்தான். அதோடு ஆன்டெனாவின் அடித்தட்டு பாடியைத் தொடும் இடத்திலும் துருவைச் சுரண்டுங்கள். ஐசொலேட்டருக்கும் ஃபில்டருக்கும் இதில் வேலையே இல்லை.

செட்டை மாற்றுவது கடைசி. எர்த்தெல்லாம் சரியாக இருந்தும் ஆர்.சி.ஏ. வழியாகக் கீச்சு விடாமல் வந்தால், ஒரு வயரின் ஒரு முனையை ஆர்.சி.ஏ.வின் வெளி வளையத்திலும் மறுமுனையை செட்டின் இரும்புக் கூட்டிலும் தொட்டுப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால், செட்டுக்குள் ஆர்.சி.ஏ. எர்த்துக்கு இருக்கும் குட்டி ஃபியூஸ் எரிந்திருக்கிறது. பவர் ஓடும்போது ஆர்.சி.ஏ.வைப் பிடுங்கிச் செருகினால் இப்படி ஆகும். ஒரு நல்ல ரேடியோ மெக்கானிக் அதைச் சரிசெய்து தந்துவிடுவார். அதற்காக நல்ல செட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.