தி கேட் கான்செர்ட்டோ: பூனையார் கச்சேரி

டாம் அண்ட் ஜெர்ரி வரிசையில் எத்தனையோ குறும்படங்கள் இருக்க, 1947-ல் வெளியான ‘தி கேட் கான்செர்ட்டோ’வை நான் தனித்து வைப்பதற்குக் காரணம், அதில் பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடுவதே இல்லை என்பதுதான். நீண்ட கறுப்புக் கோட்டு அணிந்து, மிடுக்காக மேடையேறும் டாம், பியானோவில் இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ‘ஹங்கேரியன் ராப்சடி எண் 2’ஐ வாசிக்கத் தொடங்க, உள்ளே தந்திகளைத் தட்டும் சுத்தியல்களின் மேல் படுத்திருந்த ஜெர்ரியின் தூக்கம் கலைகிறது. கதை அவ்வளவுதான். சபை பார்த்திருப்பதால் டாமால் எழுந்து விரட்டவும் முடியாது, வாசிப்பை நிறுத்தவும் முடியாது. நாகஸ்வரக்காரர் எதிரே உட்கார்ந்து புளி சப்பும் கல்யாண வீட்டுப் பையனின் வேலையைத்தான் ஜெர்ரி செய்கிறது.

இயக்குநர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும், இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லியும் ஒவ்வொரு குறும்பையும் தாளத்துக்குள்ளேயே அடக்கியிருக்கிறார்கள். ஜெர்ரி பியானோவின் சில கட்டைகளை எடுத்துவிட்டு அங்கே எலிப்பொறியை வைக்கிறது. டாமின் விரல்கள் பொறிக்கு இப்புறமும் அப்புறமும் இறங்கித் தப்பித்துக்கொண்டேயிருக்க, நாம் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பதறுகிறோம். கடைசியில் பொறி விழுகிறபோது வரும் சிரிப்பு அந்தக் காத்திருப்புக்குக் கிடைத்த கூலி. இறுதிப் பகுதியில் ஜெர்ரியே சுத்தியல்களைக் கையில் எடுத்துக்கொண்டு, முடிந்தது என்று டாம் ஓயும்போதெல்லாம் மறுபடி தொடங்கிவிடுவது, என் கணக்கில், ஆஸ்கர் விருதுக்கு அது ஒன்றே போதும். (விருதும் கிடைத்தது.) 1946-ல் வார்னர் நிறுவனமும் இதே இசைக்கு பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலைப் பியானோ முன் உட்கார வைத்ததால், யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற சர்ச்சை எழுந்தது, இரண்டையும் பார்த்த எனக்கு டாமின் பக்கமே மனம் சாய்கிறது, ஏனெனில் அந்த முயலிடம் இல்லாத கௌரவக் கவலை டாமிடம் இருக்கிறது.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) இதைப் புரொஜெக்டரில் போட்டோம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் கண்ணாடிபோல் மினுங்கி வெளிச்சத்தைத் திருப்பியடித்ததால், வேட்டியைக் கட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. படத்தில் வசனம் கிடையாது என்பதால் ஆயாவுக்கு (பாட்டிக்கு) எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை, “கை வலிக்காதாடா அதுக்கு?” என்று மட்டும் கேட்டார்கள்.

இந்தப் படத்தின் பிரதியை வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படம் ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில் வரையப்பட்டது. அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டிய பிரதி கிடைத்தால், கட்டைகளும் விரல்களும் சட்டகத்துக்கு வெளியே போய்விடக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.