நெகட்டிவ் ஸ்கேன் பண்ண எந்தக் கம்ப்யூட்டர்: லேப்டாப்பா, மேக் மினியா, அசெம்பிள் பெட்டியா?

கும்பகோணத்தில் அப்பா நடத்திய ஸ்டுடியோவை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேமராக்கள் விலைக்குப் போயின. மாடிப்படியும் மயிலும் வரைந்திருந்த பின்னணித் திரையை எலி தின்றது. மிஞ்சியவை மூன்று தகரப் பெட்டி நிறைய நெகட்டிவ். 35 மி.மீ. கலர் சுமார் 2,000 ஃப்ரேம், 120 என்கிற அகல ரோலில் எடுத்த கறுப்பு வெள்ளை 1,100 ஃப்ரேம். கறுப்பு வெள்ளையில் நிறைய, ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிம். ஒரு ஆடிப் பெருக்கு விடுமுறையில் பெட்டியைத் திறந்தால் ஒரு கட்டிலிருந்து லேசாக வினிகர் வாடை. அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்தால் அப்படித்தான் நாறும். இனி தள்ளிப்போட வழியில்லை.

ஸ்கேனர் விஷயத்தில் ரொம்ப யோசிக்கவில்லை. பிளஸ்டெக் மாதிரி ஃபிலிமுக்கென்றே வருகிற ஸ்கேனர்கள் கூர்மையில் நன்றாக இருக்கும், ஆனால் கைக்கெட்டும் விலையில் இருப்பவை 35 மி.மீ. மட்டும்தான் விழுங்கும். எனக்கு 120-ம் போக வேண்டும். ஆகவே எப்சன் வி600, தட்டை ஸ்கேனர். வீட்டுத் தட்டை ஸ்கேனர்களின் பெட்டியில் 6400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற கணக்கு) என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் கிடைக்கிற விவரம் அதில் பாதிகூட வராது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நான் 3200-ல் ஸ்கேன் செய்கிறேன், அதற்கு மேல் போவது டிஸ்கை அடைக்கத்தான் உதவும். நான் மண்டையை உடைத்துக்கொண்டது கம்ப்யூட்டருக்காக.

முதலில் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர்கள் பிராசசரைப் பற்றித்தான் பேசுவார்கள். தூசி நீக்கத்துக்கு அகச்சிவப்பு ஸ்கேனையும் சேர்த்தால் என் ஸ்கேனர் ஒரு ஃப்ரேமுக்கு நாலு நிமிஷம் எடுக்கிறது. அந்த நாலு நிமிஷமும் கம்ப்யூட்டர் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்கும். இன்றைக்கு விற்கிற எந்த நடுத்தர பிராசசரும் போதும். ரேம் 16 ஜிபி இருந்தால் ஓடும், 32 இருந்தால் சுகம். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

லேப்டாப். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்ததால் அதில்தான் ஆரம்பித்தேன். கரண்ட் போனாலும் ஓடுமே என்று ஒரு சமாதானம். கரண்ட் போனால் ஸ்கேனர் நின்றுவிடும் என்பது முதல் மின்வெட்டில்தான் உறைத்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். திரைதான் கழுத்தை அறுத்தது. மலிவு லேப்டாப்களின் திரை எஸ்ஆர்ஜிபி என்கிற பொது வண்ண வரம்பில் மூன்றில் இரண்டு பங்கைக் காட்டினாலே அதிகம். எண்பதுகளின் கல்யாணப் படம் ஒன்று, எங்கள் சித்தியுடையது. அரக்குப் பட்டுப் புடவை, புது மஞ்சள் கயிறு, நெற்றியில் குங்குமம். கலர் நெகட்டிவின் ஆரஞ்சுப் படலத்தைக் கழித்துப் பாசிட்டிவாக மாற்றும்போது மூன்று வண்ணத்தையும் நாமேதான் நிறுத்தியாக வேண்டும். லேப்டாப் திரையில் அரக்கு செங்கல் நிறமாகத் தெரிந்ததால் சிவப்பையும் நீலத்தையும் ஏற்றிக்கொண்டே போனேன். லேபில் பிரிண்ட் போட்டு வந்தபோது சித்தி கத்தரிக்காய் நிறப் புடவையில் நின்றாள். "என் கல்யாணப் புடவை இது இல்லையேடா" என்றாள். அத்தோடு லேப்டாப் பந்தயத்திலிருந்து விலகியது. வெளியே ஒரு நல்ல மானிட்டர் மாட்டலாம்தான். மாட்டினால் அது மேஜையை விட்டு நகராது, அப்புறம் லேப்டாப் எதற்கு?

மிச்சம் இரண்டு. ஒன்று 2024 நவம்பரில் வந்த, ஆப்பிளின் எம்4 சிப் போட்ட மேக் மினி, வந்தபோது 59,900 ரூபாய், 16 ஜிபி ரேம், 256 ஜிபி டிஸ்க். இன்னொன்று பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுகிற டெஸ்க்டாப். இரண்டுக்கும் மானிட்டர் தனியாக வாங்க வேண்டும், அந்தச் செலவு சமம். எஸ்ஆர்ஜிபியை முழுக்கக் காட்டுகிற 24 அங்குல ஐபிஎஸ் ரகத் திரை போதும். நண்பர் ஒருவரிடம் திரையின் வண்ணத்தை அளக்கிற கருவியை இரவல் வாங்கி ஒரு தடவை அளந்து சரிசெய்துகொண்டேன்.

அக்கா மகன் பெங்களூரில் ஐடியில் இருக்கிறான். "மாமா, யோசிக்காம மேக் மினி வாங்குங்க. பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றான். அவனுடைய மேக் மினியையே ஒரு வாரம் கொடுத்துவிட்டுப் போனான். பொய் சொல்லக்கூடாது, அருமையான பொருள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும், மின்சாரமும் சொற்பம். பழைய யூஎஸ்பி ஓட்டை ஒன்றுகூட இல்லாததால் ஸ்கேனர் கேபிளுக்கு ஒரு அடாப்டர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். மென்பொருளிலும் குறையில்லை. ஸ்கேனரை ஓட்டுகிற வியூஸ்கேன் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படம் திருத்த இலவசமாகக் கிடைக்கிற டார்க்டேபிளும் அப்படியே, நெகட்டிவைப் பாசிட்டிவாக்க அதில் நெகடாக்டர் என்று தனிப் பகுதியே இருக்கிறது. நாளைக்கு விற்றாலும் மேக்குக்கு நல்ல விலை வரும். அசெம்பிள் பெட்டியை விற்கப் போனால் மதர்போர்டுக்கும் ரேமுக்கும் தனித்தனியாக அடிமாட்டு விலை பேசுவார்கள்.

இவ்வளவும் இருந்தும் நான் ஏன் பெட்டி பக்கம் சாய்ந்தேன்? டிஸ்க். அது ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். 35 மி.மீ. ஃப்ரேம் 24-க்கு 36 மி.மீ. அதை 3200 டிபிஐ-யில் எடுத்தால் சுமார் 1.37 கோடி பிக்சல். மூன்று வண்ணம், கூடவே அகச்சிவப்பு, நாலும் 16 பிட்டில் சேமித்தால் பிக்சலுக்கு 8 பைட். ஒரு ஃப்ரேம் 110 எம்பி. 120-ல் ஆறுக்கு ஆறு ஃப்ரேம் சுமார் 5 கோடி பிக்சல், கறுப்பு வெள்ளை என்பதால் பிக்சலுக்கு 2 பைட் போதும், அது 100 எம்பி. ஆக 2,000 கலருக்கு 220 ஜிபி, 1,100 கறுப்பு வெள்ளைக்கு 110 ஜிபி. 330 ஜிபி என்பது கைபடாத மூலம் மட்டும். தேறிய 1,500 படங்களை லேயரோடு (மூலத்தின் மேல் திருத்தங்களைத் தனி அடுக்காக வைத்து) திருத்திச் சேமித்தால் படத்துக்கு 200 எம்பி, இன்னொரு 300 ஜிபி. 256 ஜிபி மேக்கில் மூலமே முழுசாக உட்காராது. ஆப்பிளிடமே 512-க்குப் போக அப்போது இன்னும் 20,000 ரூபாய் கேட்டார்கள், அதிலும் அடங்காது.

"வெளியே ஒரு டிஸ்க் மாட்டிக்கலாமே மாமா." மாட்டிப் பட்டவன் நான். லேப்டாப் காலத்தில் ஒரு போர்ட்டபிள் டிஸ்கில்தான் எல்லாம் வைத்திருந்தேன். ஸ்கேன் ஓடும்போது மேஜையில் கேபிள் இங்கும் அங்கும் இழுபடும். ஒரு நாள் நெகட்டிவ் கவரை எடுக்கக் கை நீட்டினேன், கேபிள் அசைந்தது, டிஸ்க் டிக் டிக் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மௌனமானது. அந்த மாதிரிப் போர்ட்டபிள் டிஸ்குகள் பலவற்றில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். உள்ளே இருப்பதைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் பார்க்கவும் முடியாது. மீட்டுத் தருகிற இடத்தில் 18,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் உத்தரவாதம் இல்லாமல்.

போனவை 212 ஃப்ரேம். அதை ரூபாயில் கணக்குப் போட்டுப் பிரயோஜனமில்லை. ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிஷ ஸ்கேன் போக, புள்ளி எடுக்கிற நேரம் இருக்கிறது. அகச்சிவப்புத் தூசி நீக்கம் கலர் நெகட்டிவில்தான் வேலை செய்யும். வழக்கமான கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அது அகச்சிவப்பையும் மறைத்துவிடுவதால் எது தூசி எது படம் என்று கருவிக்குத் தெரியாது. ஆகவே இந்து ஃபிலிம் முழுக்கக் கைவேலை. பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஃப்ரேமில் பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி கன்னத்திலிருந்து காது வரைக்கும் படர்ந்திருந்தது. நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, புள்ளியை அழிக்கிற ஹீலிங் பிரஷ்ஷை ஆறு பிக்சலுக்குச் சின்னதாக்கி, தோலின் சுருக்கம் எது, பூஞ்சை இழை எது என்று பிரித்துப் பிரித்து இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். தோட்டின் கல் பக்கத்தில் இருந்த புள்ளியைத் தூசி என்று முதலில் அழித்துவிட்டேன். அம்மா பார்த்து, "அது மூணாவது கல்லுடா, அழிக்காதே" என்றாள். அந்த ஃபைலும் 212-ல் ஒன்று.

டெஸ்க்டாப்பை 2025 தொடக்கத்தில் பூட்டினேன். ரைசன் 5 5600ஜி பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 32 ஜிபி ரேம், வேலைக்கு 1 டிபி எஸ்எஸ்டி, கேபினட்டுக்குள் இரண்டு 4 டிபி ஹார்டு டிஸ்க். சென்னை ரிச்சி தெருவில் ஒரு பகல் அலைந்து வாங்கியதில் 60,000-ஐத் தொடவில்லை. மேக் மினியின் விலைதான். ஸ்கேன் முதல் டிஸ்கில் விழும், ராத்திரி இரண்டாவதற்குத் தானாக நகலாகும். மூன்றாவது நகல் திருச்சியில் அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போகும்போது புதுசை ஏற்றிவிட்டு வருகிறேன். உள்ளே இருக்கிற டிஸ்க் நாலு ஸ்க்ரூவில் நிற்கிறது. அசையாது, கை படாது.

இதன் அருமை ஐப்பசி மழையில் தெரிந்தது. இடி இடித்த ராத்திரிக்கு மறுநாள் பெட்டி எழுந்திருக்கவில்லை. பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் போயிருந்தது. தெருமுனைக் கடைக்காரர் வந்து வேறொன்றைப் போட்டு, 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார், மொத்தம் முக்கால் மணி நேரம். மதர்போர்டே போயிருந்தாலும் அந்த டிஸ்கைக் கழற்றி அவர் கடையில் இருக்கிற ஏதோ ஒரு பெட்டியில் மாட்டிப் படத்தைப் பார்த்திருக்கலாம். மேக் மினியில் ரேம் சிப்போடு சேர்ந்தது. உள் டிஸ்க் ஆப்பிளின் சொந்த அமைப்பு. அது போனால் கும்பகோணத்தில் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? அப்புறம்தான் ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கினேன், ஸ்கேனரையும் சேர்த்துத் தாங்குகிற அளவில். அதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

பெட்டிக்கு ஒரு பெரிய குறை உண்டு, விற்பவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். மின்விசிறி. வீட்டுத் தூசி முழுவதையும் ஒரு பக்கம் உறிஞ்சி மறு பக்கம் துப்பும். முதல் வாரம் ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே மேஜையில் வைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூடுவதற்குள் மறுபடி பொட்டுப் பொட்டாகத் தூசி. இப்போது தரையில், எதிர்ப்பக்க மூலையில், காற்று சுவரைப் பார்த்துப் போகிற மாதிரி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை வாசலுக்குத் தூக்கிப்போய் ப்ளோயர் அடிக்கிறேன். இந்த ஊழியம் மேக்கில் இல்லை. சத்தமும் இல்லை.

ஸ்கேனருக்குப் பதிலாகக் கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி நெகட்டிவைப் படமெடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். நான் அப்படி இரண்டே ரோல் எடுத்துப் பார்த்தேன். ஒரு ஃப்ரேமுக்குச் சில நொடிதான், காத்திருப்பு முழுக்கக் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிடுகிறது, அங்கே மேக்கின் வேகத்துக்கு மதிப்பு இருக்கலாம். இரண்டு ரோலை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். மேக்கையும் ஒரு வாரம்தான் ஓட்டினேன் என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் சொல்கிற பத்து வருஷத்தை அவன்தான் வாழ்ந்து காட்ட வேண்டும்.

வீட்டு ஆல்பம் அளவுக்கு இருநூறு முந்நூறு நெகட்டிவ்தான், வீட்டில் இடமும் இல்லை என்றால் மேக் மினியே வாங்குங்கள், முந்நூறு ஃப்ரேமின் மூல ஃபைல் எல்லாம் 35 ஜிபிக்குள் முடிந்துவிடும். பெட்டி வாங்குகிறவர்கள் மதர்போர்டில் ஹார்டு டிஸ்க் மாட்டுகிற சாட்டா ஓட்டை எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள், நாலுக்குக் குறைந்து வேண்டாம். என்னுடையதில் இன்னும் இரண்டு காலி. வினிகர் வாடை வந்த கட்டை முதலில் முடித்துவிட்டேன். அதில் பதினொன்று சுருண்டு ஹோல்டரில் உட்கார மறுக்கின்றன. இப்போது பழைய டெலிபோன் டைரக்டரிக்கு அடியில் கிடக்கின்றன.