மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சா, புல்தரையா?

திருச்சியில் எங்கள் வீடு 2009-ல் கட்டியது. சித்திரை, வைகாசியில் மாடி அறையில் ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பிறகுதான் உள்ளே விடத் தொடங்கும். மூன்று வருடத்துக்கு முன் இதற்கு ஒரு வழி பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது, மதுரையில் இருக்கும் என் மச்சானும் அதே யோசனையில் இருந்தார். நான் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தேன். அவர் மாடி முழுக்க மண் போட்டுப் புல்தரை வளர்த்தார்.

அழகில் போட்டியே இல்லை, புல்தரைதான். செலவிலும் போட்டி இல்லை: எனக்கு ஆள்கூலியோடு சதுர அடிக்கு 28 ரூபாய் ஆனது, அவருக்கு அதைப்போலப் பல மடங்கு. குளிர்ச்சி? அவர் வீட்டில் மாலை நான்கு மணிக்கு வெறுங்காலோடு புல்லில் நிற்கலாம். என் தளத்திலும் கால் சுடாது, ஆனால் கண் கூசும். வடகம் காயப்போடப் போகும் அம்மாவுக்கு அது ஒரு நிரந்தரக் குறை. இரண்டு வீட்டிலும் ராத்திரி அனல் குறைந்துவிட்டது.

“உங்க வெள்ளைப் பூச்சுக்கு ஸ்டார் கிடைக்காது மாப்பிள்ளை” என்றார் மச்சான் ஒருநாள். பாதி சரிதான். ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஸ்டார் கொடுக்கும் மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ., வீடுகளுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் வைத்திருக்கிறது. கூரைக்குத் தனி எண்ணும் உண்டு: அவர்களே 2018-ல் கொண்டுவந்த, வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதியான ஈகோ நிவாஸ் சம்ஹிதாவில் கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் தளம் எத்தனை வாட் வெப்பத்தைக் கடத்துகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. வெறும் ஆறங்குலக் கான்கிரீட்டுக்கு அது மூன்றுக்கு மேல். வெள்ளைப் பூச்சு வெயிலை மேலேயே திருப்பி அனுப்புகிறதே தவிர, தளம் கடத்தும் அளவை மாற்றுவதில்லை. அதனால் இந்த எண் அப்படியே நிற்கும். ஆனால் ஆறங்குல ஈர மண்ணைப் போட்டாலும் இரண்டுக்குக் கீழே இறங்குவது கஷ்டம். ஈர மண் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். புல்தரையின் குளிர்ச்சியில் பெரும்பங்கு நிழலும் நீராவியும் தருவது. எண்ணை இறக்க வேண்டுமானால் தளத்தின் மேல் ஓர் அங்குலமாவது எக்ஸ்.பி.எஸ். என்ற வெப்பம் கடத்தாத நுரைப் பலகை பதிக்க வேண்டும். அதை நானும் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. ஆக, இந்தக் கூரைக் கணக்கில் இருவரும் ஃபெயில்.

எடை விஷயம் இன்னும் முக்கியம். ஆட்கள் புழங்கும் மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படிதான் கணக்குப் போடுவார்கள். மழையில் நனைந்த ஆறங்குல மண் 250 கிலோவைத் தாண்டிவிடும். மச்சான் இன்ஜினீயரிடம் காட்டி, தேங்காய் நார்க்கழிவு கலந்து நான்கு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார். மண் மெலிந்தால் தண்ணீர் தங்காது. கத்திரி வெயிலில் சதுர மீட்டருக்குத் தினம் ஐந்தாறு லிட்டர் ஊற்ற வேண்டும், அதுவும் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் மாதத்தில்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். என்னை வெள்ளைப் பக்கம் உறுதியாகத் தள்ளியது ஓதம்.

மச்சான் ஒழுங்காகத்தான் செய்தார். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தார், ஒரு சொட்டு இறங்கவில்லை. அதன்மேல் வேர்த்தடுப்பு ஷீட், வடிகால் தட்டு, வடிதுணி, மண், புல். இரண்டாவது ஐப்பசி மழையில் ஹாலில் ஃபேன் கொக்கியைச் சுற்றி டீக்கறை மாதிரி ஒரு வட்டம். கொக்கிக்கு நேர் மேலே தோண்டினால் தளம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, ஷீட்டுக்கு அடியிலேயே நடந்து, வேறிடத்தில் சொட்டும். மேலே இருந்து எதுவும் தெரியாது. மூட்டை மூட்டையாக மண்ணை அள்ளி, பாதி மாடியைப் பிரித்த பிறகு ஆள் அகப்பட்டான்: மழைநீர்க் குழாய் மூட்டில் புகுந்த அரசங்கன்று. காக்காய் எச்சத்தில் வந்து விழுந்தது, புல்லுக்குள் யார் கண்ணிலும் படாமல் விரல் தடிமனுக்கு வேர் விட்டிருந்தது. போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர், “பராமரிப்பு உங்க பொறுப்பு சார்” என்று முடித்துக்கொண்டார்.

அதே வருடம் என் மாடியிலும் கைப்பிடிச் சுவர் ஓரமாக விரிசல் விட்டது. வெள்ளையில் கருப்புக் கோடாகப் படியேறும்போதே தெரிந்தது. சுரண்டி, கிராக் ஃபில்லர் அடைத்து, மேலே இரண்டு கோட் பூச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு முன் வேலை முடிந்தது. நாளைக்கே வீட்டை விற்க நினைத்தாலும், வருகிறவர் ஸ்டார் எத்தனை என்று கேட்கப்போவதில்லை. அண்ணாந்து சீலிங்கைத்தான் பார்ப்பார்.

பூச்சிலும் குறை உண்டு. தூசி படியப் படிய வெண்மை மங்கும். பங்குனியில் ஒருமுறை தேய்த்துக் கழுவினால்தான் கோடைக்கு வேலை செய்யும். மழைக்காலத்தில் பாசி பிடித்தால் வழுக்கும். என் பூச்சுக்கு வயது மூன்று கோடைதான், ஐந்தாவது வருடத்துக்கு நான் ஜாமீன் தர முடியாது. சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடிப்பது இன்னும் மலிவு, ஆனால் வருடா வருடம் அடிக்க வேண்டும்.

புது வீடு கட்டுகிறவர், மண்ணின் எடையை முதலிலேயே இன்ஜினீயரிடம் சொல்லி, வடிகால் வாயைத் திறந்து பார்க்கும்படி மூடி வைத்துக் கட்டினால் புல்தரை போடட்டும். மாதம் ஒருமுறை அரசங்கன்று பிடுங்க ஆளும் வேண்டும். பழைய தளத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பச்சை ஆசைக்கு எங்கள் வீட்டில் பன்னிரண்டு க்ரோ பேக்: கத்திரி, வெண்டை, ஒரு கறிவேப்பிலை. சுவர் ஓரமாக, செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறோம். பங்குனிக் கழுவலுக்கு அவற்றை ஒரு பக்கம் நகர்த்த அரை மணி நேரம் ஆகிறது.