ஸ்னாப் 4டிஎக்ஸ் பிளஸ்: உண்ணிக் காய்ச்சலில் எதுவரை நம்பலாம்?

நாய்களுக்கு உண்ணி பரப்பும் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் என்ற மூன்று பாக்டீரியா நோய்களுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடியையும், கூடவே இதயப்புழுவின் ஆன்டிஜெனையும் (புழுவின் சொந்தப் புரதம்) ஒரே தட்டில் பார்த்துவிடும் ஐடெக்ஸ் நிறுவனத்தின் கிட் இது. ரத்தத்தை லேபுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம் என்பதே பெரிய ஆறுதல்.

ஃபிரிட்ஜில் இருந்த கிட்டை அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே பிரியுங்கள். ஒரு குழாயில் ரத்தம் 3 சொட்டு, கிட்டோடு வரும் கான்ஜுகேட் திரவம் 4 சொட்டு. குழாயை நாலைந்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, மொத்தத்தையும் தட்டின் குழியில் ஊற்ற வேண்டும். கலவை ஊர்ந்து போய், மறுமுனை வட்டத்தில் நிறம் தலைகாட்டியதுமே பொத்தானை அழுத்திவிடுங்கள். வட்டம் முழுக்க நிறையட்டும் என்று விட்டால் பின்னணியெல்லாம் நீலம் படர்ந்து, மங்கலான புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போகும். மங்கல் புள்ளியும் பாசிட்டிவ்தான்! 8 நிமிடத்தில் முடிவைப் பாருங்கள். கிட் சரியாக வேலை செய்ததா என்று காட்டும் கன்ட்ரோல் புள்ளி நீலமாகாவிட்டால் அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டியதுதான்.

பெரிய குறை, உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான, சிவப்பணுவைத் தாக்கும் பபேசியா இதில் இல்லை. ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் நாய்க்கு நெகட்டிவ் வந்தது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. காது நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஸ்மியர் போட்டு (கண்ணாடித் துண்டில் மெல்லிசாகப் பரப்பி) மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பணுவுக்குள் ஜோடி ஜோடியாகக் கண்ணீர்த்துளி வடிவில் பபேசியா தென்படலாம். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான டாக்ஸிசைக்ளின் மட்டும் கொடுத்து அதை ஒழிக்க முடியாது. பபேசியாவில் பெரிய வகைக்கு இமிடோகார்ப் மருந்து, கிலோவுக்கு 6.6 மி.கி., 14 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. சின்ன வகையான கிப்சோனிக்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள்.

எர்லிக்கியாவிலும் ஒரு சிக்கல் உண்டு. தொற்றிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் ஆன்டிபாடி போதிய அளவு உருவாகியிருக்காது. காய்ச்சலும் பிளேட்லெட் சரிவும் இருக்கும். கிட்டோ நெகட்டிவ் காட்டும். அப்போது கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் டாக்ஸிசைக்ளினைத் தொடங்கிவிடுவதே சரி. கிலோவுக்குத் தினம் 10 மி.கி., 28 நாள். வெறும் வயிற்றில் வேண்டாம்; மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், பின்னாலேயே தண்ணீர் கொடுங்கள். ஓரிரு நாளில் நாய் துள்ளி ஓடினாலும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

சிகிச்சை பலித்ததா என்று இதே கிட்டில் பார்ப்பது வீண்செலவு. குணமான நாய்க்கும் மாதக்கணக்கில், சிலவற்றுக்கு வருடக்கணக்கில், பாசிட்டிவ் வரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறார்கள். பிளேட்லெட் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்ததா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் பிசிஆர்.