பேட்டரி மாற்றுவதற்கு முன் வோல்டேஜ் பாருங்கள்: வேலூரில் நான் ஏமாந்தது

வேலூர்ப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். சித்திரையில் ஆரம்பித்து ஆனிக்குள் ஒரே கோளாறுக்கு எனக்கு 15,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

முதலில் ஹெட்லைட் பல்பு இரண்டு முறை போனது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெளிச்சம் கூடும். பானட்டைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பைபாஸ் ஓரம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மீட்டரே வைக்கவில்லை. "வேலூர் வெயிலுக்கு இப்படித்தான் சார், செல் போயிடுச்சு" என்றார். புது பேட்டரி 5,200. ஆறே வாரத்தில் அதுவும் உப்பிவிட்டது. திரும்பப் போனேன். "அப்போ டைனமோதான் சார், புதுசே போட்டுடலாம்." இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது இந்த டைனமோதான். அதற்கு 9,800. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டு கொடுத்தார். பழையதைக் கேட்டால், எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம்.

மறுவாரமே அதே நாற்றம். மாமா சொல்லி, குடியாத்தத்தில் வயதான ஒரு எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தார். இன்ஜின் ஆஃபில் 12.5 வோல்ட். ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்ததும் 14, 15, 16.1. "தம்பி, உடனே ஆஃப் பண்ணு!" அப்புறம் பெட்ரோலில் நனைத்த துணியால் டைனமோவைத் துடைத்தார். சில்வர் பெயின்ட் துணியோடு வந்தது. அடியில் பழைய எண்ணெய்க் கறை. போன வருஷம் ரேடியேட்டர் வேலையில் ஸ்பேனர் பட்டு உடைந்த அதே விளிம்பு. என் டைனமோவையே எனக்கு விற்றிருக்கிறார்கள். வயிறு எரிந்தது.

கெட்டது உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் மட்டும்தான். டைனமோவில் சுற்றும் ரோட்டருக்கு கார்பன் பிரஷ் வழியாகச் சின்ன கரன்ட் போகும். அதில்தான் காந்தம் உண்டாகிறது. இன்ஜின் வேகம் கூடினால் வோல்டேஜும் ஏறப் பார்க்கும். ரெகுலேட்டர் அந்தக் கரன்டை நொடிக்குப் பலமுறை விட்டு விட்டு நிறுத்தி, 13.8 முதல் 14.5 வரைக்குள் பிடித்து வைக்கும். என்னுடையது ஷார்ட் ஆகி, நிறுத்தவே இல்லை. அளவு மீறி சார்ஜ் ஏறினால் பேட்டரி தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்களாகப் பிரியும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும். பின் சீட்டில் பிள்ளைகளை வைத்துப் பள்ளிகொண்டா வரை போய் வந்திருக்கிறேன்.

பிரஷ் செட்டோடு ரெகுலேட்டர் 1,100, கூலி 300. மீட்டர் 14.2-இல் நின்றது.

யார் பேட்டரி போச்சு என்றாலும், இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, உங்கள் கண் முன்னால் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். (கம்ப்யூட்டரே சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்த எண் மாறும், அதற்குத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.) கழற்றிய பொருளைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். பெயின்ட் ஒட்டிய அந்தத் துணியும் துண்டுச் சீட்டும் ஒரு கவரில் பத்திரமாக இருக்கின்றன.