வியர்வை பட்டால் அணைந்துபோகும் லாரி

மணலியில் நான்கு டிரெய்லர் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "கண்ணாடி மாட்டி ஓட்டுற லாரி உங்க யார்டுல இருக்காமே, நானும் ஒண்ணு வாங்கலாமா?" அன்றைக்குத்தான் அந்தக் கண்ணாடியை, அதாவது வி.ஆர். ஹெட்செட்டை, இரண்டாவது முறையாக ரிப்பேர் செய்து எடுத்து வந்திருந்தேன். வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். சரி, இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

இது நிஜ லாரி இல்லை, ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு திரைக்குள் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர். மாதவரத்தில் எங்கள் யார்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வேலைக்கு வரும் பையன்களிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கும். 40 அடி கன்டெய்னரோடு ரிவர்ஸ் எடுத்திருக்க மாட்டார்கள். பின்பக்கம் இடது போக ஸ்டியரிங்கை வலது ஒடிக்க வேண்டும் என்பது கைக்கு ஏறுவதற்குள் முன்பெல்லாம் ஒரு சுவரும் இரண்டு பின்விளக்கும் போய்விடும். இப்போது திரைக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் இடிக்கலாம்.

நான் எதிர்பார்க்காத நன்மை வேறு. தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று இது பதிவு செய்கிறது. டிரெய்லர் இடது திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எண்ணூர் சாலையில் அந்த இடைவெளியில் ஒரு டூவீலர் கட்டாயம் இருக்கும். "இடது கண்ணாடி பார்த்தியா?" என்றால் எல்லாப் பையனும் "பார்த்தேண்ணே" என்பான். பதிவைப் போட்டுக் காட்டினால் தலை அசைந்தே இருக்காது. எங்கள் மூத்த டிரைவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவருடையதும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் அவர் வாந்தி எடுத்தார், அது தனிக் கதை. வண்டி ஓடுவதாகக் கண் சொல்கிறது, உட்கார்ந்தே இருப்பதாக உள்காது சொல்கிறது, வயிறு குழம்பிவிடுகிறது. ஓர் ஆளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

பிரேக் சுத்த மோசம். ஏர் பிரேக்கின் பிடிப்பும் இல்லை, பின்னால் லோடு தள்ளும் உணர்வும் இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வியர்வையைத்தான் முடியவில்லை. ஹெட்செட்டின் இரண்டு லென்சுக்கும் நடுவில் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. முகம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. சித்திரை மாதம், தகர ஷெட், மின்விசிறி மட்டும். ஐந்து பேர் மாற்றி மாற்றிப் போட்ட ஹெட்செட்டில் முகம் படும் பஞ்சைப் பிழிந்தால் சொட்டும். சென்சாரில் உப்பு படிந்ததும் யாரும் மாட்டியிருக்கவில்லை என்று அதுவே முடிவு செய்து, பாதி ரிவர்ஸில் திரையை அணைத்துவிடும். விற்றவர்கள் ஏசி அறையில் வைக்கச் சொல்கிறார்கள். டிரைவர்களுக்கே ஏசி அறை இல்லை, இதற்கு எங்கே போவேன்? ரிப்பேர்க்காரர் பஞ்சை மாற்றி, சென்சாரைத் துடைத்துக் கொடுத்ததோடு ஒரு டஜன் கைக்குட்டை வாங்கி வைக்கச் சொன்னார். அவர் சொன்னதுதான் உருப்படியான யோசனை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீங்க. மார்கழியில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.